ஒரு மண்டலம் கேட்ட குரல்

என்னோடு சண்டை போட இந்த ஊரில் ஆளில்லாமல் போய் வெகுநாள் ஆகிறது. சாலிகிராமத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் அப்போதெல்லாம் குறைவு. தண்ணி லாரிக்காரர், கேபிள்காரர், சங்கத்தில் சந்தா கேட்டு வருகிறவர் என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு தெருவுக்கு இருப்பார்கள். இப்போது நான் வாயைத் திறந்தால் போதும், எதிரில் நிற்பவரின் தோள் இறங்குகிறது, நெற்றிச் சுருக்கம் போகிறது, கண் பாதி மூடிக்கொள்கிறது. "சரிங்கம்மா, நல்லதுங்கம்மா" என்று ஒரு சிரிப்பு. நான் சொன்னதில் ஒரு சொல்கூட உள்ளே போயிருக்காது. அந்தச் சிரிப்பைப் பார்க்கிறபோதெல்லாம் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல எனக்குக் கை துறுதுறுக்கும்.

என் பெயர் திலகவதி. தொழில் டப்பிங். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத கதாநாயகிகள் திரையில் காதலித்ததும் அழுததும் செத்ததும் என் தொண்டையில்தான். வயது ஏற ஏறக் கதாநாயகி போய் அவளுடைய அக்கா, அப்புறம் அம்மா, அப்புறம் சீரியலில் பக்கத்து வீட்டு மாமி என்று இறங்கிக்கொண்டே வந்தேன். அந்தச் சமயத்தில்தான் 'நிச்சலனம்' கம்பெனியிலிருந்து இளம்பரிதி என்ற பையன் வந்தான். ஒல்லியாக, சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருப்பான். பேச்சில் மட்டும் தடுமாற்றமே கிடையாது.

விஷயம் இதுதான். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பொட்டு அளவு வில்லை ஒன்று. அது அங்கே ஓடும் ஒரு நரம்பை லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு குரல், மூச்சை இழு, விடு, தோளைத் தளர்த்து என்று தியானம் சொல்லிக்கொடுக்கும். மனசு இறுக்கம், படபடப்பு, வேண்டாத நினைப்பு எல்லாம் அடங்கும். பழகிவிட்டால் வில்லையைக் கழற்றி வைத்துவிடலாம், அந்தக் குரல் காதில் விழுந்தாலே மனசு அமைதியாகிவிடும் என்றான். பொய் சொல்லவில்லை. அப்படியேதான் ஆயிற்று.

ஒலிப்பதிவு அறையில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "மேடம், நடிக்காதீங்க. நெஜமா யாரையாவது சமாதானப்படுத்தின ஞாபகம் இருந்தா அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுங்க."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மகள் நிரஞ்சனாவுக்குச் சின்ன வயதில் மழைக்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். அவள் அப்பா அப்போதே தவறிவிட்டார். நெஞ்சுக்கூடு உள்ளே போய் வரும்போது அவளை மடியில் உட்காரவைத்து, அவள் முதுகை என் மார்போடு சேர்த்துக்கொண்டு, காதோரம் சொல்வேன். ஒண்ணும் இல்ல கண்ணு. மூச்ச மெதுவா விடு. நான் இருக்கேன். அதைத்தான் மைக்கில் சொன்னேன். ஒரே டேக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஊரே பைத்தியமாகிவிட்டது. வங்கிகளில் கொடுத்தார்கள், காவல்துறையில் கொடுத்தார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கேட்கவேண்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. நம் ஜனங்களுக்கு மண்டலம் என்றால் சொல்லவா வேண்டும்? கவிச்சியை விட்டார்கள், பாயில் படுத்தார்கள், விடிகாலையில் குளித்துவிட்டு வில்லையை ஒட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ரேஷன் கடையில் நான் பேசினால் வரிசையே விலகி வழி விட்டது. ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்கவில்லை. நல்ல கூத்து என்று ரசித்தேன்.

நிருவைக் கட்டிக்கொடுத்திருந்தது ஓ.எம்.ஆர். பக்கம், ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடி ஒன்றில். மாப்பிள்ளை முகுந்தன் கம்ப்யூட்டர் வேலை. சத்தமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் நான் அங்கே போனபோது அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். நிரு கை கழுவச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேல் கன்றிப்போய்ப் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"என்னடி இது?"

"இதுவா? அவரு அடிச்சதும்மா." மழை வருது, துணியை எடுக்கணும் என்பது போலச் சொன்னாள்.

"அடிச்சாரா? எதுக்கு?"

"எதுக்குன்னா... போன் எடுக்க லேட்டாச்சுன்னு. குழம்பு ஆறிப்போச்சுன்னு. ஏதாவது ஒண்ணு. ஆனா கோபமெல்லாம் படமாட்டாரும்மா. நிதானமாத்தான் அடிப்பாரு. முடிச்சதும் ரெண்டு பேரும் பால்கனியில உக்காந்து உன்னைக் கேப்போம். அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

'உன்னைக் கேப்போம்' என்றால் என்ன என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அடித்தவனும் அடிவாங்கியவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நான், ஒண்ணும் இல்ல கண்ணு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கத்தினேன். இப்பவே கிளம்புடி, துணியை எடு, இனி ஒரு நிமிஷம் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த நிருவின் முகம் மலர்ந்தது. வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ நேர்ல பேசினா எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா? பேசிக்கிட்டே இரும்மா" என்றாள். எனக்கு அப்போது வந்த அழுகையைக்கூட அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து போனில் எழுதி அனுப்பினேன். பேசினால்தானே இந்த வினை, எழுதினால் ஏறும் என்று நினைத்தேன். மறுநாள் பதில் வந்தது. 'உன் மெசேஜ் படிச்சேம்மா. நீயே பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்துச்சு. நல்லாத் தூங்கினேன்.'

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா நான் சொல்லச் சொல்லப் பேனாவை மூடி வைத்துவிட்டார். "உங்களைப் பாத்ததே பாக்கியம் மேடம், எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் மண்டலம் முடிச்சவங்க" என்று டீ வரவழைத்தார். வேறு ஒரு நிலையத்தில் புகாரை எழுதியே நீட்டினேன். அவர்கள் நிருவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே, ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது.

அப்புறம்தான் கம்பெனிக்குப் போய் இளம்பரிதியின் மேஜை முன்னால் நின்றேன். வாசலில் இருந்த பெண் என் 'வணக்கம்' கேட்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டிருந்தாள். இவன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் போட்ட சத்தத்தில் அவன் முகம் வெளிறியது. ரொம்ப நாள் கழித்து ஒரு மனுஷன் என் கோபத்தைக் கேட்டு முகம் வெளிறுகிறான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

"என் குரலை எடுத்துடு. இன்னிக்கே எடுத்துடு."

"எடுத்தாலும் போகாது மேடம். உள்ள பதிஞ்சிருச்சு."

"பதியுமா? வெறும் பழக்கம்தானே, விட்டா மறந்துடாதா?"

அவன் தண்ணீர் குடித்தான். "லேப்ல சொன்னது ரெண்டு வாரம் மேடம். ரெண்டு வாரம் கேட்டா போதும். கேக்கறதை நிறுத்தினா கொஞ்ச நாள்ல மறந்தும் போயிடும். அதுதான் கணக்கு. ஆனா மக்கள்கிட்ட சோதனைக்குக் குடுத்தப்ப ரெண்டு வாரத்தை யாரும் மதிக்கல. இது என்ன ஜுரத்துக்கு மாத்திரையான்னு கேட்டாங்க. பாதியில விட்டாங்க. எங்க விற்பனைத் தலைவர் சாமி பக்தி உள்ளவர். மண்டலம்னு போடுங்க, நம்ம ஆளுங்க அப்பத்தான் ஒழுங்கா செய்வாங்கன்னார். போட்டோம்."

"செஞ்சாங்களா?"

"எங்க கணக்குக்கு மேலயே செஞ்சாங்க. நடுவுல ஒரு நாள் தவறிட்டா விரதம் கெட்டுப்போச்சுன்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. சிலர் மூணு, நாலு தடவை. ஒரு மண்டலம் முடிச்சதும் வீட்டுக்காரருக்காக இன்னொண்ணு, பிள்ளைக்காக இன்னொண்ணு. இப்படிக் கேப்பாங்கன்னு எவன் நெனச்சான்? இப்ப உங்க குரல் அவங்களுக்குப் பழக்கம் இல்ல மேடம். தும்மல் மாதிரி. தானா வரும், அடக்க முடியாது."

"எழுதினாக்கூடவா?"

"தெரிஞ்சவங்க எழுதினதை மனசு அவங்க குரல்லதான் படிக்கும். சுருதியை மாத்திப் பேசினாலும் வேலைக்காகாது, நீங்க மூச்சு விடற இடம்கூட அதுக்குத் தெரியும். உங்க பேரைக் கேட்டாலே சில பேருக்கு லேசாத் தளர்ந்துடுது."

"நீ ஏன்டா ஒட்டிக்கல?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செஞ்சவங்க யாரும் ஒட்டிக்கல மேடம்."

நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தான். "உங்க பொண்ணுகிட்ட வேற யாராவது பேசட்டும். நீங்க சொல்லிக்குடுத்து இல்ல, அவங்களாவே பேசட்டும். நீங்க பக்கத்துல இருந்தாலும் வாயைத் திறக்காதீங்க. பயம்னு ஒண்ணு அவங்களுக்கு ஒரு தடவை வந்துட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்துடலாம்" என்றான்.

வேறு யார் என்று யோசித்தபோது எனக்கு ரெஜினாதான் ஞாபகத்துக்கு வந்தாள். காசிமேட்டுக்காரி. இந்தத் தொழிலில் நான் கதாநாயகி என்றால் அவள் வில்லி. மாமியார், மந்திரவாதி, கந்துவட்டிக்காரி எல்லாம் அவள்தான். அலுமினியத் தட்டைத் தரையில் இழுக்கிற மாதிரி குரல். ஒரு படத்தில் எனக்கு வரவேண்டிய வேஷத்தை அவள் தட்டிப் பறித்துக்கொண்டாள் என்று நான் சொல்லப்போக, பல வருஷமாக முகம் பார்ப்பதில்லை. வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன்டி கத்துற? காது கேக்குதில்ல" என்றாள் அவள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நீ அந்த வில்லையை ஒட்டிக்கலையா ரெஜி?"

"எனக்கு இன்னாத்துக்கு அமைதி? வில்லிக்கு அமைதி வந்துச்சுன்னா சோறு எவ போடுவா?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். "வா. பாப்பா எங்க கீது, காட்டு."

முகுந்தன் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். நான் வாயோடு சேர்த்து முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். தொண்டையில் புண், அம்மா பேசக்கூடாது என்று ரெஜினா சொன்னாள். நிருவின் முகம் வாடியது. "ஒரு வார்த்தைகூடவா?" என்றாள்.

ரெஜினா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துச் சட்டையை மேலே ஏற்றினாள். இந்த முறை தோள் வரைக்கும் கன்றியிருந்தது.

"இத்த பாரு. இது யார் கை?"

"என் கைதான் ஆன்ட்டி."

"யார் அடிச்சது?"

"அவருதான்."

"இன்னொரு தபா சொல்லு."

"அவருதான்... அடிச்சாரு."

"நல்லா கேட்டுக்கோ. எனக்கு ஒரு அக்கா இருந்தா. அவளும் உன்ன மாரிதான், சரியாப்பூடும் சரியாப்பூடும்னு சொல்லிக்கினே இருப்பா. இன்னிக்கு கை. அப்பால முதுகு. ஒரு நாளு மண்டைல வாங்கினா. ஆஸ்பத்திரில வெள்ளைத் துணியத் தூக்கிப் பாத்து, அவதான்னு சொன்னது நான். அப்ப அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சு தெரியுமா? இப்ப உன் மூஞ்சி கீது பாரு, அதே மாரி. ஒரு கவலையும் இல்லாம."

ரெஜினா அதைச் சீரியலில் பேசுகிற மாதிரி பேசவில்லை. அவளுக்கு அப்படி ஒரு அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். நிரு தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "எனக்கு... எனக்குப் பயமா இருக்கு ஆன்ட்டி" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்க நான் எத்தனை கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வாயைத் துப்பட்டாவோடு சேர்த்துப் பொத்திக்கொண்டேன்.

"பயப்படு. நல்லா பயப்படு. துணிய எடு" என்றாள் ரெஜினா.

நிரு ஓடி ஓடி எடுத்தாள். பைக்குள் திணித்தாள். அழுதாள். சான்றிதழ்களைத் தேடினாள். கதவைப் பூட்டாமலே மூவரும் வெளியே வந்து லிப்ட் பொத்தானை அழுத்தினோம். லிப்ட் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நிரு சுவரில் சாய்ந்தாள்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். இருபது வருஷம் கழித்துக் கேட்டாலும் தெரியும். நெஞ்சுக்குள் விசில். பயம் திரும்பி வந்ததும் இழுப்பும் கூடவே வந்துவிட்டது. நிருவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் மீன் மாதிரி திறந்து மூடியது. ரெஜினா உள்ளே ஓடி அலமாரியெல்லாம் இழுத்துப் பார்த்தாள். இன்ஹேலர் கிடைத்தது. காலியாக இருந்தது. குரல் இருக்கும்போது அது எதற்கு என்று நிரு புதிதாக வாங்கவே இல்லை. பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. ரெஜினா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வருகிறோம், பாலத்தில் நெரிசல் என்றார்கள்.

லிப்ட் வந்து திறந்தது. நிரு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்தது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா... பேசும்மா..."

ரெஜினா என்னைப் பார்த்தாள். "பேசாதடி திலகா. வந்துடுவாங்க. செத்த பொறு."

எவ்வளவு பொறுப்பது? பேசினால் இவள் எழுந்து அந்த வீட்டுக்குள் போய்விடுவாள். பேசாவிட்டால் என் கண் முன்னால் மூச்சு நின்றுவிடும். இதில் எதையாவது நான் யோசித்து முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் யோசனை ஏது. துப்பட்டாவை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் முதுகை என் மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. மூச்ச மெதுவா விடு. நான் இருக்கேன்."

விசில் குறைந்தது. தோள் இறங்கியது. உதட்டில் ரத்தம் திரும்பியது. சின்ன வயதில் எப்படி என் மேல் சாய்ந்து தளருவாளோ அப்படியே தளர்ந்தாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன், நிறுத்தப் பயந்துகொண்டு. லிப்ட் தானாக மூடி, கீழே போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நிரு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்தாள். "எதுக்கும்மா இவ்ளோ கலாட்டா? அவரு வர்றதுக்குள்ள டிபன் பண்ணணும்" என்றாள். ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நிரு அதை நோகாமல் விடுவித்துக்கொண்டு, "விடுங்க ஆன்ட்டி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ரெஜினா படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் முகுந்தன் போன் செய்தார். வாசல் கேமராவில் எல்லாம் பார்த்திருந்தார். குரலில் கோபமே இல்லை. "ரொம்ப நன்றி அத்தை. நேர்ல உங்க குரலைக் கேட்டதுல நிருவுக்கு அவ்ளோ நிம்மதி" என்றார். அதிலிருந்து கீழே செக்யூரிட்டி என்னையும் ரெஜினாவையும் மேலே விடுவதில்லை. ரெஜினாவின் நம்பரை நிருவின் போனில் தடுத்து வைத்திருக்கிறார்.

நான் இப்போது பேசுவதில்லை. யாரிடமும். என் குரல் வருஷக்கணக்கில் அவள் காதில் விழாமல் இருந்தால் ஒருவேளை மறக்குமோ என்னவோ, அந்த ஒருவேளைக்காகத்தான். நான் வாயைக் கட்டி என்ன பிரயோசனம்? அந்தப் பால்கனியில் நான் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். குரலை எடுத்துவிட்டால் இத்தனை லட்சம் பேரின் நிம்மதிக்கு யார் பொறுப்பு என்று கம்பெனி கேட்கிறது. எனக்கு மட்டும் அந்தக் குரலால் நிம்மதி வருவதில்லை, தன் குரல் தனக்கு வேலை செய்யாதாம். நிம்மதி இல்லாதவர்கள் இந்த ஊரில் நானும் ரெஜினாவும்தான் போலிருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் தோள் தளர்ந்திருந்தால், பாவம், எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியிருந்தால், நீங்களும் மண்டலம் முடித்தவர்தான். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் யாருக்காவது, ஒரே ஒருவருக்காவது, படிக்கும்போது வயிற்றைப் பிசைந்திருந்தால், அவர் தயவுசெய்து ஓ.எம்.ஆரில் ஏரியைப் பார்த்து நிற்கிற அந்த அடுக்குமாடிக்குப் போகவேண்டும். கடைசி மாடி, பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கும் வீடு. கையோடு ஒரு இன்ஹேலர் வாங்கிப் போங்கள். கதவைத் தட்டி, உங்கள் குரலில், உங்கள் வார்த்தையில் அவளிடம் பேசுங்கள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.